வண்டியும் பாரமும்



இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எம்மைச் சாலை வண்டியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். காரணம் உண்டு. பொங்கலுக்கு இரயில் சீட்டுக் கிடைக்காத நம் அன்பர் பலர், கச்சிபௌலியில் வெளிவட்டச் சாலையேறிக் குடும்பத்தோடு தெற்கே புறப்பட்டு விடுகின்றனர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை அமைந்த ‘கேரவன்’ வண்டியை வாடகைக்கு அமர்த்துவோரும் இன்று உளர். திரைப்பட நடிகர்க்கே உரியது என நாம் எண்ணியிருந்த வண்டி அது! மகிழ்ச்சியே. ஆயினும் அவ்வண்டி எவ்வளவு தாங்கும் என்று கேட்டு ஏறுவோர் சிலரே.

எமது துறையில் ஒவ்வொரு சரக்கு வாகனின் பக்கத்திலும் அதன் வெற்று எடையும், ஏற்றத்தகும் எடையும் எழுதப்பட்டிருக்கும். மிகுதியாக ஏற்றினால் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி தண்டக் கட்டணம் உண்டு. சாலை வண்டிக்கும் இரண்டு எண்கள் உள. வெற்று எடையைப் பதிவுச் சான்றில் காணலாம். தாங்கத்தக்க மொத்த எடை அச்சான்றிலோ, தயாரிப்பாளர் பொருத்திய தகட்டிலோ இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நமக்குரியது. வெற்று எடையில் ஓட்டுநர் எடை சேராது என்பதையும் நினைவிற் கொள்க.

ஒரு கணக்குப் போடுவோம். மொத்த எடை 3,500 கிலோ, வெற்று எடை 2,900 கிலோ எனக் கொள்வோம். மீதி 600. ஓட்டுநரோடு அறுவர், ஆளுக்கு 65 வீதம் 390. தொட்டியில் 100 லிட்டர் நீர், அது 100 கிலோ. எஞ்சியது 110. ஊரிலிருந்து திரும்புகையில் பொன்னி அரிசி இரண்டு மூட்டை, 50 கிலோ. அப்புறம் 60 கிலோவுக்குள் பெட்டி படுக்கை, பாத்திரம், மாவரைக்கும் எந்திரம், அத்தை கொடுத்தனுப்பும் ஊறுகாய்ச் சாடி யாவும் அடங்க வேண்டும். அடங்குமா? வண்டியில் இடம் காலியாக இருப்பதே நம்மை ஏமாற்றுகிறது. மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதலில் வைத்தார். நாம் ஏற்றுவதோ அரிசி.

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. மாட்டு வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்பர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும். மோட்டார் வண்டியிலும் அதே கதைதான். முன் பின் அச்சுகளுக்கிடையே 3 மீட்டர் எனக் கொள்வோம். பின் அச்சுக்கு அப்பால் 1 மீட்டர் தள்ளி 90 கிலோ வைத்தால், பின் அச்சில் 120 கிலோ கூடும். முன் அச்சில் 30 கிலோ குறையும். திருப்புகிற சக்கரத்தின் பிடி தளர்கிறது. ஆதலின் கனமானவை கீழே, இரு அச்சுகளுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். கூரைமேல் கட்டுவது இலேசானதாக இருக்கட்டும். மேலே பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும்.

பெங்களூர் வழியே சேலம் செல்வோர் தருமபுரி கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்க வேண்டும். விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கம் அது. பாரம் கூடக்கூடத் தடைக்கட்டையின் சூடும் கூடும். சூடேறிய தடை பிடிக்காது.

எடை குறைவு என்பதற்காக எதையும் ஏற்றிவிடலாகாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று விடியுமுன், லக்னோவிலிருந்து வந்த தனிச் சுற்றுலாப் பெட்டி மதுரையில் நின்றிருந்தபோது தீப்பற்றியது. விதிக்கு மாறாக உள்ளே கொணர்ந்த சமையல் எரிவாயு உருளையே காரணம் என்று இரயில்வே அறிவித்தது. ஒன்பது யாத்திரிகர் மாண்டனர். நிறைந்த உருளையொன்று ஏறத்தாழ 30 கிலோதான்.

பெருஞ்சாலையோரம் லாரிகளுக்கான எடைமேடைகள் உள. சிறு கட்டணமே. எல்லாரும் ஏறிய பின், முழு வண்டியையும் ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். மிகுதியெனில் முதலில் நீரைக் குறையுங்கள், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். டயரின் பக்கத்தில் 91 என்றிருந்தால் அது 615 கிலோ தாங்கும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே, ஏற்றும் பாரத்துக்குரிய அளவில் அடைக்க வேண்டும். இவ்வளவுக்கும் அரைமணி நேரம் போதும்.