சிராங்கூன் சாலையிலிருந்து வடக்கே



பள்ளி விடுமுறை நெருங்கும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கே போகிறோம்?" என்பதுதான். ஜொகூர்த் தோட்டங்களில் பல வீடுகளில் இதற்கு ஒரே விடை: சிங்கப்பூருக்கு. அங்கே சித்தப்பா இருப்பார், இல்லையென்றால் அத்தை இருப்பார். தேக்கா சந்தையில் சாப்பாடு, வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை, முஸ்தபா கடையில் ஒரு சுற்று. கையில் இரண்டு பைகளோடு இரவு வீடு திரும்பிவிடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் இம்முறை பயணத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் உறவினரையும் சேர்த்துக்கொண்டு, சிராங்கூன் சாலையில் தொடங்கி வடக்கே கெடா வரை சாலை வழியாகப் போய்வருவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

மேல்நாடுகளில் இத்தகைய பயணத்துக்கென்றே வண்டி வைத்திருக்கிறார்கள். உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் இருக்கும். கனடாவின் நெடுஞ்சாலைகளில் ஒரு குடும்பம் வாரக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நம் நாட்டிலும் அவ்வகை வண்டி இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டுப் பேர் உள்ள தோட்டத்துக் குடும்பத்துக்கு நல்ல வேன் ஒன்றும், இரண்டு பாயும், புளிச்சோற்றுத் தூக்கும் போதும் என்பது நம் கருத்து.

பயணத்துக்கு ஒரு நூல் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஜன்னல் ஓரத்தில் தூங்கிவிடுவார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட நூல் ரப்பர் மரம். நம் பாட்டன்மார் யாருடைய கப்பலில் வந்தார்கள் என்று பேசுகிறோம். அந்த மரம் எப்படி வந்தது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை 3,000 கூட இல்லை. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சிலவற்றைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் நட்டார்கள். இன்னும் சில வடக்கே பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குப் போயின. அங்கே ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டார். அன்று நட்ட மரங்களில் ஒன்று கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே, இன்றும் நிற்கிறது. ஆக, கன்று போன வழியிலேயே நாமும் போகலாம்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் டவுன்டவுன் பாதையில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் தாவரத் தோட்டம். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை; ஆர்க்கிட் பூந்தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். 1859-இல் தொடங்கிய தோட்டம் இது. 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. இங்கேதான் ஹென்றி ரிட்லி என்பவர் 1888-இல் பொறுப்பேற்றார். பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள், மரம் நொந்துபோகும். பட்டையை மெல்லியதாகச் சாய்வாகச் சீவினால் மரம் சாகாமல் மீண்டும் மீண்டும் பால் கொடுக்கும் என்பதை ரிட்லி இங்கே சோதித்துக் காட்டினார். நம் தாய்மார் விடியற்காலை விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு சீவிய அந்தச் சாய்வு வெட்டுக்கு மூலம் இந்த இடம். காப்பிப் பயிரில் ஊறிப்போயிருந்த துரைமார்கள் முதலில் அவரைக் கேலிதான் செய்தார்கள். அவரோ சந்தித்தவர்களிடமெல்லாம் ரப்பர் விதையைத் திணித்துக்கொண்டிருந்தாராம். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர்தான் முதன்முதலாக வணிக முறையில் ரப்பர் நட்டார். ரிட்லி நூறு வயது வரை வாழ்ந்து, தாம் பரப்பிய மரம் ஒரு நாட்டையே மூடியதைப் பார்த்துவிட்டு 1956-இல் மறைந்தார்.

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம். இதில்தான் நாம் வழுக்கி விழுகிறோம்.

முதலாவது கடப்பிதழ். பிள்ளையின் கடப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள். வீட்டில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கலாம். இந்த மண்ணிலேயே வாழ்ந்து நரைத்தவர்கள், ஆனால் குடியுரிமை இல்லை. ஆதலால் மலேசியக் கடப்பிதழும் இல்லை. அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலத்தின் வாயிலில் இறக்கிவிடும் கொடுமையைச் செய்யாதீர்கள். அவர்கள் ஜொகூர் பாருவில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். சிங்கப்பூர்ப் பகுதியை மற்றவர்கள் ஒரு நாளில் முடித்துக்கொண்டு வந்து, அங்கிருந்து எல்லாரும் சேர்ந்து வடக்கே புறப்படலாம்.

இரண்டாவது வண்டி. நம் வேனைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோனால் நுழைவு அனுமதி, கட்டணம் என்று செலவு ஏறும். வேனை ஜொகூரில் விட்டுவிட்டுப் பேருந்தில் போவதே சிக்கனம். சிங்கப்பூரில் குயீன் ஸ்திரீட் பேருந்து நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலைக்கு நடந்தே போகலாம். உறவினர் தம் வண்டியில்தான் வருவேன் என்றால் அவர் மூன்று காரியம் செய்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் பதிவான வண்டி நாட்டைவிட்டு வெளியேறும்போது எண்ணெய்த்தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். இது 1991 முதல் உள்ள சட்டம். மலேசிய நுழைவு அனுமதிக்கு வண்டியைப் பதிந்திருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் வருகிறவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். நம் பக்கத்தில் ரோன் 95 பெட்ரோல் வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்கப்படாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டோல் சாவடிகளுக்கான டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வைப்பது பெண்களின் பொறுப்பாக இருக்கட்டும். ஆண்கள் மறந்துவிடுகிறார்கள்.

பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நடந்தால் கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலையில் வண்டியில் போனால் எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாம் வரை 772 கிலோமீட்டர். கோலாலம்பூர் வரை இருபுறமும் பெரும்பாலும் செம்பனைதான். பிள்ளைகள் தூங்கினால் தூங்கட்டும். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் எழுப்பிவிடுங்கள். வலப்புறம் தித்திவங்சா மலைத்தொடர் கூடவே வரும். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் சுவர்போல எழுந்து நிற்கும். அதற்கப்பால் மெனோரா சுரங்கம். மலையைக் குடைந்த வழியில் வண்டி நுழையும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைத் தடுக்க வேண்டாம். அடுத்து கோலகங்சார். அதன்பின் தைப்பிங். ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880-இல் ஏரித் தோட்டமாக மாற்றியிருக்கிறார்கள். தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலாகக் கிளையை நீட்டி ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இரவு தங்க ஏற்ற ஊர். மறுநாள் சுங்கை பட்டாணிக்கு அருகே மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கோயில் அடித்தளங்கள் அங்கே உள்ளன. நம் பாடநூலில் வரும் கடாரம் இந்தப் பக்கம்தான். இராஜேந்திர சோழனின் படை 1025-இல் வந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கும், அந்தக் கல்லின்மேல் உட்காரவைத்துச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால் கோலகங்சாரிலிருந்து லெங்கோங் வழியாகக் கிரிக் சென்று, 1982-இல் திறந்த கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து ஜெலிக்குப் போகலாம். தெமெங்கோர் ஏரியும் காலைப் பனியில் மூடிக்கிடக்கும் காடும் இந்நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி. ஆனால் யானைகள் சாலையைக் கடக்கும். கிரிக்கில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டியபின் அந்தப் பாதையில் ஓட்டாதீர்கள்.

நாங்கள் முதன்முறை போனபோது இவற்றில் பாதியைச் செய்யவில்லை. வாத்தியார் வீட்டுப் பயணம் என்று பெயர். ஏற்பாடு மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சித்தப்பாவின் வண்டியில் சிராங்கூன் சாலையிலிருந்து புறப்பட்டோம். எண்ணெய் முக்கால் பங்கு இல்லாததால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். நிரப்பிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றோம். சின்னவன் வாந்தி எடுத்தான். ஜொகூர் பாரு வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. அங்கே பாட்டி, சிவப்பு அட்டைக்காரர், மாலை நான்கு மணிக்கே புடவை கட்டிக்கொண்டு, மூட்டையை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது ஆண்டு பால்மரம் சீவியவர். அந்த முதல் மரத்தைக் காட்டுகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தோம்.

மறுநாள் எல்லாரும் எழுந்து புறப்படவே பதினோரு மணி. கோலகங்சாரில் வண்டி நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது. தங்கும் இடம் பினாங்கில் பேசி வைத்திருந்ததால் காத்திருக்கவும் வழியில்லை. வண்டி விளக்கை மரத்தின் பக்கமாகத் திருப்பினோம். பாட்டி கிட்டத்தில் போய், கண்ணை இடுக்கிக்கொண்டு அடிமரத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எந்தப் பக்கம் சீவியிருக்காங்கன்னு தெரியலியே கண்ணு," என்றார் பேரனிடம். "வெளிச்சத்துல பாத்திருந்தா சொல்லியிருப்பேன்."

அடுத்த விடுமுறையில் பகலில் கூட்டி வருகிறோம் என்றோம். அடுத்த விடுமுறைக்குப் பாட்டி இல்லை.

நேயர்கள் தாளும் பேனாவும் எடுத்து உட்காரும்போது, கோலகங்சாரில் பிற்பகல் மூன்று மணி என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய 580 கிலோமீட்டர். ஓட்டம் ஏழு மணி நேரம். இரண்டு மணிக்கொரு தடவை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, ஓட்டுபவரை மாற்றி, பிள்ளைகளை நடக்கவிட இன்னும் இரண்டு மணி. வழியில் தாமதத்துக்கு ஒரு மணி. ஆகவே விடியற்காலை ஐந்துக்குப் புறப்பட வேண்டும். பெரட்டுக்கு எழுந்து பழகிய நமக்கு அது பெரிய காரியமில்லை. சாப்பாட்டை முதல் நாள் இரவே கட்டி வைத்துவிடுங்கள்.