நிற்கும் கால்களுக்கு ஒரு நாற்காலி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



அன்று புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் நம் பெரியவர்கள் பால்மரம் வெட்ட, மரத்துக்கு மரம் நடந்தார்கள். இன்று அவர்கள் பிள்ளைகளில் பலர் சுங்கை பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் நின்றபடியே வேலை செய்கிறார்கள். நடப்பதைவிட நிற்பதுதான் காலுக்குக் கெடுதல் என்றால் நம்புவீர்களா?

காரணத்தைக் கேளுங்க. கெண்டைக்கால் தசை இரண்டாவது இருதயம் மாதிரி. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் இரத்தம் அங்கேயே தேங்கும், பாதம் வீங்கும், நாளடைவில் நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொள்ளும்.

இப்போது ‘ஸ்மார்ட்’ சப்பாத்து வந்திருக்கிறது. பாதத்தில் எந்தப் பக்கம் பாரம் கூடுகிறது, எவ்வளவு நேரம் நின்றோம் என்பதை உள்ளே இருக்கும் கருவி அளந்து கைத்தொலைபேசிக்குச் சொல்லிவிடும். நல்லதுதான். ஆனால், ‘கொஞ்சம் உட்காரு’ என்று சப்பாத்து சொன்னால் போதுமா? உட்கார நாற்காலி வேண்டாமா?

கேரளத்தில் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதைத்தான் கேட்டார்கள். பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டு, உட்காரும் உரிமை கிடைத்தது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. நம் நாட்டிலும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா, நின்று வேலை செய்வோருக்கென்றே 2002இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. அதை எத்தனை பேர் எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

பெற்றோர்களே, விலையுயர்ந்த சப்பாத்து வாங்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். சப்பாத்தைச் சாயங்காலம் வாங்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்து அளவே சரியான அளவு. குதி உயரமாக இருக்கக் கூடாது. விரல்கள் உள்ளே அசையவேண்டும். நிற்கும் இடத்திலேயே அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துச் சற்று நேரம் படுங்கள். கூச்சப்படாமல் மேற்பார்வையாளரிடம் நாற்காலி கேளுங்கள். ஒருவர் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் படிப்புச் செலவு எந்தக் கால்கள் நின்று சம்பாதித்தது என்பதை மறவாதீர்கள். நாளை உங்களில் ஒருவர் பொறியியலாளர் ஆகலாம், ஒருவர் முதலாளியும் ஆகலாம். அன்று உங்களிடம் வேலை செய்பவருக்கு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு நாற்காலி போடுங்கள். படித்த படிப்புக்கு அதுதான் அழகு.