துணி மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் தையல் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு ஓய்வு நாள் என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். விறகு, துவைப்பு, டவுன் சாமான் என்று அன்றைக்குத்தான் நூறு வேலை. அதையெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாங்கள் பேச வந்தது துணி மூட்டையைப் பற்றி.

"இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிரிக்காதீர்கள். மூட்டை இல்லாத காம்பரா நம்ம லயத்தில் எங்கே இருக்கிறது? கட்டிலுக்குக் கீழே ஒன்று, பெட்டிக்கு மேலே ஒன்று. உள்ளே பழைய சேலை, பிள்ளைகளின் கிழிந்த யூனிபோம், வீட்டுக்காரரின் காற்சட்டை, டவுனில் கிலோக் கணக்கில் வாங்கிய வெட்டுத் துண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மனுசனுக்குப் படுக்க இடமில்லை, மூட்டைக்கு மட்டும் இடம் இருக்கிறது!

இது நம் குற்றமில்லை. இல்லாமையில் வளர்ந்த கை எதையும் எறியாது. நம் பாட்டிமார் காலத்தில் குளிருக்குப் போர்த்திய கம்பளிகூட முற்பணக் கணக்கில் வந்து, சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஒரு முழத் துணிக்கும் கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. எங்களுக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறோம்.

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைத்து விற்கலாம் என்று நாங்கள் பதினொரு பேர் சேர்ந்தோம். சீட்டுக் காசில் வெட்டுத் துண்டு வாங்கினோம். ஆளுக்காள் வீட்டு மூட்டையையும் கொண்டு வந்து போட்டோம். மூன்று சாக்கு நிறைந்தது. பார்க்கவே பெருமையாக இருந்தது. கைக்கு வந்ததை எடுத்து வெட்டித் தைத்தோம். இரண்டாவது போர்வை விற்ற ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. ஒரு சிவப்புத் துண்டு முதல் துவைப்பிலேயே சாயம் விட்டு, சுற்றியிருந்த வெள்ளையெல்லாம் ரோசாவாகிவிட்டது. ஓரிடத்தில் பனியன் துணி இழுபட்டுத் தையல் வாய் பிளந்திருந்தது. வாங்கியவருக்குச் சல்லியைத் திருப்பிக் கொடுத்தோம். அத்தோடு மனம் விட்டுப்போய், சாக்குகளை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விட்டோம்.

மழைக்காலம் முடிந்து திறந்தபோது அடிச்சாக்கு முழுக்கப் பூஞ்சணம். நடுச்சாக்கில் எலி குட்டி போட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கைக் குழியில் போட்டுப் புதைத்தோம். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்தோம். எலிக்கும் பூஞ்சணத்துக்கும் தான் வைத்திருந்தோம். புதைத்தது எங்கள் சீட்டுக் காசு, அம்மாமாரே!

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, மிச்சம் முழுவதையும் முற்றத்தில் கொட்டினோம். கொழுந்தில் முற்றல் இலையை ஒதுக்கத் தெரிந்த நமக்குத் துணி பிரிக்கத் தெரியாதா?

முதலில் இழுவைச் சோதனை. துணியை இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். கிழிந்தால் அது போர்வைக்கு ஆகாது. அடுப்படித் துணிக்குப் போகட்டும்.

அடுத்தது நெருப்புச் சோதனை. நாலு இழையை மட்டும் உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கோப்பைக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் மெதுவாக உதிரும். பொலியெஸ்டர், நைலோன் என்றால் சுருங்கி உருகி, கடைசியில் கெட்டி மணியாக நிற்கும். கம்பளி, பட்டு என்றால் மயிர் கருகிய நாற்றம். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது.

மூன்றாவது சாயச் சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து, கடும் நிறத் துணியின்மேல் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியே ஊற வைத்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். தெளியவே இல்லையென்றால் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இப்படிப் பார்த்து நான்கு குவியலாகப் பிரித்தோம்: பருத்தி, பொலியெஸ்டர், பனியன் துணி, ஜீன்ஸ் போன்ற தடித்த துணி. ஒரு போர்வைக்கு ஒரு குவியல்தான். உள்ளங்கையைவிடச் சிறிய துண்டுகள் தலையணைக்குள் அடைக்கப் போயின.

பிறகு கணக்குப் போட்டோம். 5 அடி அகலம், ஆறரை அடி நீளப் போர்வைக்கு 6 அங்குலச் சதுரம் 130 வேண்டும். தையலுக்குச் சுற்றிவரக் கால் அங்குலம் விட்டு, ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். பின்பக்கத்துக்குப் பழைய சேலை ஒன்று போதும். ஐந்தரை யார் சேலையில் 80 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டி, நீளவாட்டில் மூட்டினால் அகலம் தாராளம். மிஞ்சியதில் கரை பிடிக்கலாம். நடுவில் பழைய கம்பளி. எண்ணிப் பார்த்தால், மலைபோலத் தெரிந்த எங்கள் மூட்டையில் இருந்தது நான்கு போர்வைக்கான துணிதான்! அந்த நான்கையும் தைத்து முடிக்காமல் ஒரு துண்டும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

இதெல்லாம் லேசான வேலை. கஷ்டமானது இனித்தான் வந்தது.

எங்களில் ஒரு அக்கா தன் பையை மட்டும் அவிழ்க்கவில்லை. உள்ளே செத்துப்போன அவருடைய அம்மாவின் மலைச்சேலைகள். எட்டு வருசமாகப் பெட்டியில் இருந்தவை. "அதை வெட்டுனா அம்மாவையே வெட்டுன மாதிரி" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் அவரே ஒரு நாள் திறந்து பார்த்தபோது ஒரு சேலையின் மடிப்பெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அன்றைக்கு யாருமே ஊசியைத் தொடவில்லை.

இதே துக்கம் இன்னொரு தோட்டத்துப் பெண்ணுக்கும் வந்திருக்கிறது. அது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அங்கே தேயிலை இல்லை, பருத்தி. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்கள் அதே நிலத்தில் வாரக் குடிகளாகக் கடனில் கிடந்தார்கள். 1932இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும் அவருடைய மனைவியின் ஆட்கள் வந்து, மாடு, கலப்பை, தானியம் எல்லாவற்றையும் அள்ளிப் போனார்கள். அந்தப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்பிலும் மாச்சாக்கிலும் போர்வை தைத்துப் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காத்தார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்ற தாய், இறந்துபோன தன் புருசனின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு படுக்கத்தான் தைத்தார்.

1966இல் அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து போர்வை விற்கத் தொடங்கினார்கள். 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அரசு அவற்றைத் தபால் முத்திரையாக வெளியிட்டது. வியர்வை பட்ட வேலைத் துணிக்கு வந்த மரியாதை அது.

இந்தக் கதையை அக்காவிடம் சொன்னோம். பதில் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே கத்தரிக்கோலை எடுத்தார். அரிபடாத சேலைகளில் ஒன்றை முழுதாக மடித்து வைத்துக்கொண்டார். மற்றவற்றில் நல்ல பாகங்களை வெட்டி, ஓட்டுத் தையலில் போர்வை தைத்தார். அது விற்பனைக்கு இல்லை. அவருடைய பேத்தி இன்றைக்கு அதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். அந்தப் பிள்ளை அம்மாயியைப் பார்த்ததில்லை. ஆனால் எந்தத் துண்டு எந்தச் சேலை என்று விரல் வைத்துச் சொல்கிறாள்.

ஆகவே தாய்மார்களே, அடுத்த வெயில் நாளில் உங்கள் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். உதவாததை மனம் நோகாமல் அனுப்புங்கள். வைப்பதை நன்றாகக் காயவிட்டு, பழைய தலையணை உறையில் போட்டு, சீமெந்துத் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். ஈரத் துணியைப் பொலித்தீனில் கட்டாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு ஒரு காம்பராவோடு நிற்பதில்லை என்பது நமக்குத் தெரியும்.

செத்தவர் துணியை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. முழுதாக வைப்பதும் சரி, வெட்டித் தைப்பதும் சரி. பார்க்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வெட்டப் பயமாக இருந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள். கூட உட்கார்ந்து வெட்டுவோம்.