புதிய விண்டோஸுக்கு மாறும் முன் கணக்கைச் சரிபாருங்கள்
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் உங்கள் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தான் நின்றுவிடும். பென்ஷன் கணக்கையும் நெட் பேங்கிங்கையும் அதில் பார்ப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. அதற்காக, கடைக்காரர் சொன்னவுடன் புதியது வாங்கவும் வேண்டாம்.

வங்கியில் பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது, இருப்புகள் எல்லாம் டேலி ஆன பிறகே மாற்றினோம். இங்கும் அதே முறைதான். முதலில் போட்டோ, ஆவணங்கள், வருமான வரிக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். எடுத்த நகலைத் திறந்தும் பாருங்கள்.

அடுத்து, தகுதி. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். ஐ5-7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' இதைச் சோதித்துச் சொல்லும். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே கைவிடாதீர்கள். பல கம்ப்யூட்டர்களில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள்.

மூன்றாவது, பழைய மென்பொருள். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு கிடையாது. டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர், ஸ்கேனருக்கு 64 பிட் டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளர் தளத்தில் முன்பே பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினால், ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. எழுத்துருக் கோப்பை மீண்டும் நிறுவி, பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது.

மாறிய பிறகு பிரிண்டரும் மற்றவையும் ஒத்துவராவிட்டால், பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் 'கோ பேக்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். எனவே அந்தப் பத்து நாளுக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தகுதி இல்லாத கம்ப்யூட்டரையும் எடைக்குப் போட வேண்டாம். மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பின் லினக்ஸ் இருக்கிறது. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். அந்த மடிக்கணினி வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீட்டில் இன்னும் இருந்தால், எடை குறைந்த லினக்ஸில் அது பிள்ளைகளின் படிப்புக்கு உதவும். மலையில் சிக்னலை நம்பிப் பல ஜிபி இறக்க வேண்டாம். கள்ளக்குறிச்சியிலேயே 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. "உங்க விண்டோஸ் காலாவதி ஆயிடுச்சு, சரிசெய்து தர்றோம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் அப்படித் தானாக யாரையும் அழைப்பதில்லை. திரையைப் பகிர்ந்தால் போவது கம்ப்யூட்டர் அல்ல, சேமிப்பு.