பல்காயச் சிகிச்சையும் தமிழ்ச் சொல்லும்



உயரத்திலிருந்து விழுந்தோ வாகனம் மோதியோ ஒருவருக்குத் தலை, மார்பு, வயிறு, எலும்பு என ஒரே வேளையில் கடுங்காயங்கள் பல நேர்வதைப் பல்காயம் என்கிறோம். அத்தகையோரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பேணும் மருத்துவரும் தாதியருமாகிய எங்களுக்குப் பணிகள் இரண்டு. ஒன்று உயிரைக் காத்தல். மற்றொன்று, செய்வது இன்னதென்று குடும்பத்தாருக்கு உரைத்தல். சிங்கப்பூரில் அடிபட்டவர் தமிழகத்திலிருந்து கட்டுமானப் பணிக்கு வந்தவராயின், அவர் குடும்பம் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும். படுக்கையையும் கருவிகளையும் அவர்கள் காண்பதில்லை. எங்கள் சொல்லைக் கொண்டே எல்லாவற்றையும் அறிகிறார்கள். அச்சொல்லைப் பற்றியதே இவ்வுரை.

பல்காயத்தில் பேரிடர் விளைப்பது ஒரு சுழல். இரத்தம் இழந்த உடல் குளிர்கிறது. குளிர்ந்த உடலில் இரத்தம் உறைவது குறைகிறது. உயிர்வாயு போதாத திசுக்களில் அமிலம் மிகுந்து, உறைதலை மேலும் கெடுக்கிறது. அதனால் இரத்தப்போக்கு பெருகுகிறது. இச்சுழலை அறுக்காமல் நெடுநேரம் அறுவை செய்தால் நோயாளி தாங்கமாட்டார். ஆகவே, நிலை மிக மோசமானவர்களுக்கு முதல் அறுவையில் இரத்தப்போக்கை அடக்கி, கிழிந்த குடலின் கசிவை நிறுத்தி, வயிற்றைத் தற்காலிக உறையால் மூடி எங்கள் பிரிவுக்கு அனுப்புவர். நாங்கள் உடலை வெப்பப்படுத்தி, இரத்தமும் உறைவுக்கூறுகளும் ஏற்றுகிறோம். உடல் தேறியபின் எஞ்சிய அறுவை நடைபெறும். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள், அடிபட்ட கப்பலை மூழ்காமல் கரைசேர்க்கும் கடற்படை வழக்கிலிருந்து ‘சேதக் கட்டுப்பாடு’ என்னும் பெயரை இம்முறைக்குச் சூட்டினர்.

இதைக் கேட்கும் தாய், “வயிற்றைத் தைக்காமலே விட்டுவிட்டீர்களா, ஐயா?” என்று வினவுவார். அவ்வினாவில் பிழையில்லை. “விட்டுவிடவில்லை, அம்மா. இன்று தைத்தால் உடல் தாங்காது, தேறியதும் தைப்போம்” என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், கைவிடப்பட்டதாக அஞ்சிய நெஞ்சு ஓரளவு ஆறும்.

இதனினும் பெரிய இடர் ‘மயக்கம்’ என்னும் சொல்லால் நேர்கிறது. பசியால் தலை சுற்றுவதும் மயக்கம். மருந்தால் உறங்குவதும் மயக்கம். மூளைக் காயத்தால் நினைவிழப்பதும் மயக்கம். செயற்கைச் சுவாசக் குழாயைத் தாங்குவதற்காக நாங்கள் மருந்து கொடுத்து உறங்க வைத்தவர், மருந்தைக் குறைத்தால் விழிக்கக்கூடும். மூளை காயமுற்றவரோ மருந்தை நிறுத்தியும் விழிக்காதிருக்கலாம். அவர் நிலையை அளக்க, 1974இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் உதவுகிறது. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுகிறோம்.

மூன்றாவது நிலை மூளைச்சாவு. கருவியால் மார்பு ஏறி இறங்கும், இதயம் துடிக்கும், கை வெதுவெதுப்பாக இருக்கும். ஆயினும் மூளையின் இயக்கம் மீளா வகையில் நின்றுவிட்டது. சிங்கப்பூர்ச் சட்டப்படி அது மரணமே. அந்நிலையிலும் எவரேனும் இரக்கம் கருதி “மயக்கத்தில் இருக்கிறார்” என்றால், விழிப்பார் என்று ஒரு குடும்பம் காத்திருக்கும், நேர்த்திக்கடன் வைக்கும், கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுக்கும். உண்மை தெரியவரும் நாளில் துயரோடு ஏமாற்றமும் சேரும். மென்மையாகச் சொல்வது வேறு. மறைத்துச் சொல்வது வேறு.

ஆதலால் மூன்று நிலைகளுக்கும் மூன்று சொற்களை வழங்குவோம்: மருந்துறக்கம், நினைவிழப்பு, மூளைச்சாவு. முதற்சொல் புதிது, ஏனைய இரண்டும் நம்மிடம் உள்ளவையே. மருத்துவரும் தாதியரும் மொழிபெயர்ப்பாளரும் செய்தியாளரும் இவற்றை ஒரே பொருளில் ஆளவேண்டும். பல வேளைகளில் மொழிபெயர்ப்பவர், உடன் தங்கியிருக்கும் தொழிலாளியே. தம் நண்பரின் நிலையை அவர் தாயிடம் சொல்லும் பெரும்பாரம் அவர்மேல் விழுகிறது. அவருக்குத் தெளிவான சொற்களை முன்கூட்டியே தருவது நம் கடமை.

கலைச்சொல்லாக்கத்தை நாம் பெரும்பாலும் மொழியின் வளத்துக்காகவே பேசுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அது, ஒரு குடும்பம் உண்மையை அறிந்து முடிவெடுப்பதற்கான உரிமை. அவ்வுரிமையைத் தமிழில் வழங்க நாம் அனைவரும் முன்வருவோம்.