ஆனைத்திருக்கையும் சுழியோடியும்



மலையும் இறப்பர்த் தோட்டமும் சூழ்ந்த மாவனல்லையில் இருந்துகொண்டு கடலடியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் வழியே ஓடும் மா ஓயா கொச்சிக்கடைக்கு அருகே கடலோடு கலக்கிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே நீர்கொழும்பு. இன்று நான் சொல்லப்போகும் உயிர், இறந்தபின் கரைசேரும் துறைகளுள் அதுவும் ஒன்று. ஆற்றோரத்து ஊரவருக்கு அதன் முகத்துவாரத்தில் நடப்பதைப் பேசும் உரிமை கொஞ்சமேனும் உண்டு அல்லவா?

திருக்கை என்றதும் நம்மவருக்கு நினைவு வருவன இரண்டு. ஒன்று சந்தையில் தொங்கும் கருவாடு. மற்றது திருக்கைவால் சவுக்கு. சிங்களத்திலும் 'மடு வல்கய' என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் ஒடுங்கிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் நான் சொல்லும் திருக்கைக்குக் கொட்டும் முள் இல்லை. மீனவர் அதனை ஆனைத்திருக்கை என்பர். முகத்தின் இருபுறமும் நீண்டிருக்கும் மடல்களைக் கண்டு கொம்புத்திருக்கை என்பாரும் உளர். ஆழ்கடல் இனம் சிறகுக்குச் சிறகு 7 மீற்றர் வரை அகலும். எடையோ ஒரு தொன்னைத் தாண்டும். பின்னவலையில் இதே மா ஓயாவில் ஆனைகள் குளிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை.

உலக வழக்கில் அதன் பெயர் மன்டா. ஸ்பானிய மொழியில் அதற்குப் போர்வை என்று பொருள். (சொல்லொலியைக் கேட்டு மன்னார் மாந்தைக்கு ஓடவேண்டாம் என்று என் மாணவருக்கு எச்சரிக்கை செய்வதுண்டு. சொல்லாராய்ச்சி என்ற பெயரில் நாம் செய்யும் விளையாட்டுகளுக்கு எல்லை வேண்டும்.) பனாமாக் கரையில் முத்துக்குளித்தோர், அது போர்வைபோல மேலே கவிந்து அமுக்கிக் கொன்றுவிடும் என்று அஞ்சியதாக 18ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் குறிப்பு கூறுகிறது.

அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. நம் மன்னார்ச் சலாபத்திலும் சுழியோடிகள் காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சை நெஞ்சில் அடக்கி இறங்கியவர்களே. சுறாவின் வாயைக் கட்டுவதற்கெனக் கடல்கட்டி என்பவர் கரையில் நின்று மந்திரம் ஓதினார். அவர் இல்லாமல் சுழியோடிகள் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதனால் பிரித்தானிய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சை மட்டும் வைத்திருப்பவனுக்குத் தலைக்கு மேலே வரும் பெரிய நிழல் எதுவானாலும் எமன்தான். அது சிப்பியைப் பார்க்க வந்ததா, தன்னைப் பார்க்க வந்ததா என்று நின்று ஆராய அவனுக்கு ஏது பொழுது?

அந்தப் பொழுதைக் கொடுத்தது ஒரு கருவி. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் ஆக்கிய சுவாசக் கருவி, முதுகிலுள்ள உருளையின் காற்றை நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப அளந்து வாய்க்குக் கொடுத்தது. ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆயிற்று. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டது இத்தகைய கருவியின் துணையால்தான். சலாபத்துச் சுழியோடிக்கு மூச்சை அடக்குவதே வித்தை. இங்கே மூச்சை அடக்குவதே குற்றம். அடக்கியபடி மேலே எழுந்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

என்னிடம் தமிழ் படித்த தோட்டத்து மாணவர் ஒருவர் மாலைதீவில் உல்லாச விடுதியொன்றில் வேலை செய்கிறார். உருளைகளுக்குக் காற்று நிரப்பப் போனவர், பிறகு தாமே சுழியோடக் கற்றுக்கொண்டார். விடுமுறையில் வந்தபோது சொன்னார்: "நாம அத தேடிப் போறதில்ல சேர். தேடிப் போனா ஓடிரும். அடியில அசையாம இருந்தா தானா வரும். தலைக்கு மேலால போறப்ப வெளிச்சமே மறைஞ்சிரும். ஒரு சத்தம் இல்ல." தொடக்கூடாதாம், அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் கெட்டுவிடும். பவளப்பாறையில் சில இடங்களில் அது அசைந்தாடி நிற்க, சிறுமீன்கள் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்யுமாம். வயிற்றிலுள்ள கரும்புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இல்லை. அதனைப் படம்பிடித்தே மாலைதீவில் ஆயிரக்கணக்கான திருக்கைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டிருக்கிறார்கள். போர்வை என்று அஞ்சப்பட்ட ஒன்று இன்று ஆள் அடையாளம் பெற்றிருக்கிறது.

அந்நாட்டின் பா பவளத்தீவில் ஹனிபாரு என்றொரு சிறு குடா உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் மிதவை உயிர்களை அங்கே கொண்டுவந்து குவிக்கும். பாறையோரத்து மன்டாக்கள் கூட்டமாய் வந்து, வாயை அகலத் திறந்து, சுழன்று சுழன்று மேயும். இத்தனை பெரிய உடல் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர்களை வடித்துண்டு வாழ்கிறது! 2009இல் அக்குடா பாதுகாப்பிடமாக்கப்பட்டது. 2012 முதல் உருளையோடு சுழியோடுவதையே அங்கே தடுத்துவிட்டார்கள். மேற்பரப்பில் மிதந்து பார்க்கலாம், அவ்வளவே. பார்ப்பவரின் ஆவலையும் ஓரிடத்தில் நிறுத்தவேண்டியிருக்கிறது. மாலைதீவில் மன்டாவைப் பார்க்க வருவோர் அதற்கென நேரடியாகச் செலவிடும் பணம் ஆண்டுக்கு 81 இலட்சம் டொலர் என 2011இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

நம் கடலிலோ கதை வேறு. நுண்ணுயிரை வடிக்கும் அதே செவுள் தட்டுகளை உலர்த்திச் சீன மருந்துக் கடைகளுக்கு ஏற்றுமதி செய்யும் வணிகம் வளர்ந்தது. இறைச்சிக்கு மதிப்புக் குறைவு; செவுளுக்கே விலை. 2013இல் பாங்கொக்கில் கூடிய நாடுகள் மன்டா வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் அதனைச் சேர்த்தன. ஆயினும் வலைக்குப் பட்டியல் தெரியாது. மன்டாவும் அதன் சுற்றத்து இனங்களுமாக நம் நாட்டுப் படகுகளின் செவுள்வலைகளில் ஆண்டுதோறும் சிக்குபவை, உலகின் பெருஞ்சுருக்குவலைக் கப்பல்கள் அனைத்திலும் சிக்குபவற்றைவிட அதிகமாயிருக்கலாம் என்று 2021இல் வந்த ஆய்வு சொல்லிற்று. ஒரு பெண் திருக்கை ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆனையின் கணக்கேதான்.

இதனையெல்லாம் நான் ஒருமுறை நீர்கொழும்புத் துறையில் வலை சீர்செய்துகொண்டிருந்த வயதான மீனவரிடம் சொன்னேன். பொறுமையோடு கேட்டார். சூரைக்கும் கெளவல்லைக்கும் விரித்த வலையில் அது தானாக வந்து விழுவதையும், இரவில், அலையில், அத்தனை பாரத்தைப் படகின் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிக்கெடுக்க முடியாதென்பதையும் விளக்கினார். "உசிரோட விடச் சொல்றீங்க. விடத்தான் வேணும். ஆனா விடுறதுன்னா வலைய அறுக்கணும் மாஸ்டர்" என்றார். பிறகு கையிலிருந்த ஊசியைக் காட்டி, "அறுத்த வலைக்குக் காசு யார் தருவா?" என்று கேட்டார்.