கதைக்குப் பின்னால் ஒரு நகரம்



சித்திரக்கதை வரையத் தொடங்கும் இளைஞர் பலருக்கு மனித முகம் விரைவில் கைவந்துவிடுகிறது. அம்மனிதன் நகர வீதியில் இறங்கி நடக்க வேண்டும் என்று கதை கேட்கும்போதுதான் அவர்கள் திகைக்கிறார்கள். எத்தனை மாடிகள், எத்தனை சன்னல்கள்! இவற்றையெல்லாம் என்றைக்கு வரைந்து முடிப்பது?

தேர்ந்த ஓவியர்களுக்கும் இக்கவலை இருந்தது. அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர், 1940-ஆம் ஆண்டில் 'தி ஸ்பிரிட்' என்னும் சித்திரக்கதையைத் தொடங்கினார். ஞாயிறுதோறும் ஒரு முழுக் கதை பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். கதை நிகழும் கற்பனை நகரமோ, அவர் பிறந்து வளர்ந்த நியூயார்க்கின் சாயல் கொண்டது. அவரும் அவருடைய உதவியாளர்களும் அந்நகரம் முழுவதையும் கட்டத்துக்குக் கட்டம் வரையவில்லை. ஒரு விளக்குக் கம்பம், சுவரில் தொங்கும் இரும்புப் படிக்கட்டு, மழையில் நனைந்த நடைபாதை; எஞ்சியவற்றைக் கரிய மை மூடிக்கொண்டது. மீதி நகரத்தைப் படிப்பவர் மனமே கட்டிக்கொண்டது.

இப்போது தாளும் பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். அது பார்ப்பவரின் கண்மட்டம். அதன்மேல் ஒரு புள்ளி வையுங்கள். தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல், வீதியின் இருபுறச் சுவர்களிலும் நம்மைவிட்டு விலகிச் செல்லும் கோடுகள் யாவும் அப்புள்ளியை நோக்கியே செல்லட்டும். கட்டடங்களை வெறும் பெட்டிகளாகவே முதலில் நிறுத்துங்கள்.

அடுத்து, சன்னல்கள். விலகிச் செல்லும் சுவரின் நான்கு மூலைகளையும் குறுக்கும் மறுக்குமாக இணையுங்கள். கோடுகள் வெட்டுமிடத்தில் செங்குத்துக் கோடு இழுத்தால் சுவர் இரண்டாகப் பிரியும். அருகிலுள்ள பாதி அகன்றும் தொலைவிலுள்ள பாதி குறுகியும் தோன்றும், அதுவே சரி. ஒவ்வொரு பாதியையும் இவ்வாறே பிரித்தால், அளந்து பாராமலே சன்னல்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, சிக்கனம். அருகிலுள்ள கட்டடத்துக்கு மட்டும் செங்கல்லும் சன்னல் சட்டமும் போதும். இடையிலுள்ளவற்றுக்குச் சில கோடுகள். தொலைவிலுள்ளவற்றுக்கு வெளிவடிவம் ஒன்றே போதும். ஆனால் அவ்வடிவம் உண்மையாக இருக்க வேண்டும். வீதிக்கு வெளிச்சமும் காற்றும் கிட்டும் பொருட்டு, உயரமான கட்டடங்கள் மேலே செல்லச் செல்ல உள்வாங்க வேண்டும் என்று 1916-இல் நியூயார்க் நகரம் விதி செய்தது. அதன்பின் எழுந்த வானளாவிகள் பல, படிப்படியாக ஒடுங்கி நிற்கின்றன. இக்காரணத்தை அறிந்தவன் நான்கைந்து கோடுகளில் அந்நகரத்தைக் காட்டிவிடுவான். அறியாதவன் நூறு சன்னல் வரைந்தாலும் அது எந்த ஊர் என்று தெரியாது.

ஓர் எச்சரிக்கை. சமதரையில் நிற்பவன் கண்ணால் காட்சியைக் காட்டினால், அவனையொத்த உயரமுள்ளோர் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அவர்களுடைய கண்கள் அந்த முதற்கோட்டிலேயே அமைய வேண்டும். இதை மறந்தால் கதாநாயகன் தரையில் கால் பாவாமல் மிதப்பான். அக்கணமே படிப்பவர் கதையை நம்ப மறுத்துவிடுவார்.

ஆகவே, நண்பர்களே, விரைவு என்பது எதை விடலாம் என்று அறிவதில் இருக்கிறது. அவ்வறிவைத் தருவது கண். இன்று மாலை ஓர் உயரமான இடத்தில் நின்று, உங்கள் ஊரின் கூரைகள் வானத்தில் இடும் கோட்டைப் பாருங்கள். அந்த ஒரு கோட்டை மட்டும் வரைந்து பழகுங்கள்.